அறையில் பூட்டினால் குடி நிற்குமா?

கேள்வி: என் அண்ணா பதினைந்து வருடமாகத் தினமும் முக்கால் போத்தல் சாராயம் குடிக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை முதல் ஒரு கிழமை அறையில் பூட்டிவைக்க வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம். தேத்தண்ணியில் தெரியாமல் கலந்து கொடுக்கும் குளிசையும் இருக்கிறதாமே, கொடுக்கலாமா?
– ஒரு தங்கை, கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் அண்ணாவின் உயிருக்கே ஆபத்து.

சாராயம் மூளையை அமுக்கும். பதினைந்து வருடமாக அந்த அமுக்கத்தை எதிர்த்தே இயங்கிய மூளை, அது திடீரென நின்றதும் கட்டுமீறித் துடிக்கும். கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும். 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள்தான் மிகக் கடுமை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், ஆளை அடையாளம் தெரியாது, காய்ச்சலடிக்கும். இதைப் பிடிவாதமென்றும் பேயென்றும் நினைத்துக் கதவை இன்னும் இறுக்குகிறார்கள். அப்படித்தான் காப்பாற்றக்கூடியவர்கள் சாகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் மூளையின் இந்தத் துடிப்பை அடக்கும் டயசிபாம் போன்ற மருந்தைத் தேவையான அளவில் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் (விட்டமின் B1) ஊசி. களைத்துப்போனார் என்று எங்காவது சேலைன் ஏற்றக் கொண்டுபோனால், குடிப்பவர் என்பதை மறைக்காதீர்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு ஞாபகசக்தி திரும்பாமலே போகக்கூடும். வைத்தியரைக் காணும்வரை குடியை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்ட குளிசை டைசல்பிராமாக இருக்கலாம். குடிப்பவரே சம்மதித்து, இருதயமும் ஈரலும் பரிசோதித்து, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணித்தியாலம் கழித்தே அதைத் தொடங்குவார்கள். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போல் குடிப்பார். குளிசையும் சாராயமும் சேர்ந்ததும் முகம் சிவந்து, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் சரியும். குளிசையை நிறுத்தினாலும் இரண்டு கிழமை வரை அந்த ஆபத்து இருக்கும்.

நடுக்கம் நின்றதும் "சுகமாகிவிட்டார்" என்று கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். சாராயம் உடம்பை விட்டு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆசை மாதக்கணக்கில் இருக்கும். சம்பள நாள், பழைய கூட்டாளி, தூக்கமில்லாத இரவு என எது அவரைத் திரும்பக் குடிக்க வைக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு மாற்று வழி பழக்குவதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. ஆசையைக் குறைக்கும் நல்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். ஒருமுறை வழுக்கினால் திட்டாமல் அதே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இன்றே எடுங்கள். தினமும் குடிக்கும் அளவு, கடைசியாகக் குடித்த நேரம், எடுக்கும் வேறு மருந்துகள், முன்பு வலிப்பு வந்ததா என்பதை எழுதி வையுங்கள். வலிப்போ குழப்பமோ தொடங்கினால் 1990 அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.