செக்கு எண்ணெய்க்குக் கணக்கு வேண்டாமா?

கேள்வி: செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும்தான் வாங்குகிறோம். நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர் ஆகிறது. இருந்தும் கணவருக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 160. ஏன்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: செக்கில் ஆட்டினால் மணமும் வைட்டமின் ஈயும் தங்கும், கொழுப்பின் குணம் மாறாது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நிறைகொழுப்பு (வெண்ணெய், நெய்யில் நிறைய இருக்கும் வகை), நல்லெண்ணெயில் சுமார் 15. நிறைகொழுப்பு கூடினால் ரத்தத்திலுள்ள எல்டிஎல்லைக் கல்லீரல் இழுத்துக்கொள்வது மந்தமாகும். மிஞ்சியது ரத்தக் குழாயின் உட்சுவரில் புகுந்து தங்கும். அதை விழுங்க வெள்ளணுக்கள் திரளும்போதுதான் அழற்சி மூள்கிறது.

5 லிட்டர் என்றால் ஏறக்குறைய 4,550 கிராம்; தலைக்கு நாளொன்றுக்கு 38. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 20–25 போதும். மாதம் 3 லிட்டரைத் தனியே எடுத்து வைத்து, தேக்கரண்டியால் அளந்து ஊற்றுங்கள் (ஒரு தேக்கரண்டி 4.5 கிராம்). இட்லிப் பொடியில் குழைக்கும் நல்லெண்ணெயைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை! சொதி வைக்கும் நாளில் தேங்காய்ப்பால் கொழுப்பே நிறைய. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி போதும், உருளைக்கிழங்கு வறுவல் வேண்டாம்.

160க்கு எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தைராய்டையும் பாருங்கள், மாத்திரை எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: வடை சுட்ட எண்ணெயில் எத்தனை முறை பொரிக்கலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மறுபடி பொரிக்காமல் இருப்பதே நல்லது. மாவின் ஈரம், காற்று, சூடு மூன்றும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. அடியில் கருகிய துணுக்குகள் அதை முடுக்கிவிடும். ஆறியதும் துணியில் வடிகட்டி, இரண்டு நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தோடு புது எண்ணெயைக் கலந்தால் அதுவும் சீக்கிரம் கெடும். நுரை அடங்காமல், பிசுபிசுத்து, முன்னைவிடச் சீக்கிரம் புகைந்தால் கொட்ட வேண்டியதுதான். சின்னச் சட்டியில் கொஞ்சமாக ஊற்றி, நாலு நாலு வடையாகச் சுட்டால் மிஞ்சுவதே குறையும்.

கேள்வி: சூரியகாந்தி எண்ணெயிலுள்ள ஒமேகா-6 கொழுப்பு அழற்சியைக் கூட்டுமாமே?
– வாசகி, திசையன்விளை

பதில்: அப்படி இல்லை. அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் புரதம் கூடவில்லை. நிறைகொழுப்புக்குப் பதிலாகச் சேர்த்தபோது எல்டிஎல் இறங்கியது. நமக்குக் குறைவது மீனில் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பு. உங்களுக்கு உவரிக் கடற்கரை பக்கம்தானே? வாரம் இரண்டு நாள் சாளை (மத்தி) மீனோ அயிலையோ வாங்கி, பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.