ஆய்வு உதவி மேசையில் மாணவர்களை உட்கார வைக்கலாமா?

கேள்வி: அரசு உதவி பெறும் கலைக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். நானும் ஓர் உதவியாளரும்தான். ப்ராஜெக்ட் சமயத்தில் கூட்டம் தாங்காது; மற்ற நாட்களில் மாணவர்கள் என் மேசைப் பக்கமே வருவதில்லை. மூத்த மாணவர்கள் சிலரை ஆய்வு உதவிக்கு உட்கார வைக்கலாமா என்று கேட்டால், “அரைகுறையாகச் சொல்லிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் ப்ராஜெக்டையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்” என்கிறார் முதல்வர். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக உட்கார வையுங்கள். முதல்வரின் பயம் நியாயமானதுதான், ஆனால் பயிற்சியில் சரிசெய்யக்கூடியது.

உங்கள் மேசைக்கு ஏன் வருவதில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் கான்ஸ்டன்ஸ் மெலன் 1986-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ‘நூலக அச்சம்’ என்று பெயர் வைத்தது. மற்ற எல்லாருக்கும் நூலகத்தில் தேடத் தெரியும், தனக்கு மட்டும்தான் தெரியாது என்று மாணவர் நினைக்கிறார். கேட்டால் அது வெளியே தெரிந்துவிடுமே என்று ஒதுங்குகிறார். மேசையில் இருப்பது ஓர் அக்காவோ அண்ணனோ என்றால் இந்தத் தயக்கம் பெரிதும் குறையும். மாணவ வழிகாட்டிகளின் பலமே இதுதான். விஷய ஞானத்தை அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அதனால் பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் கேள்வி கேட்கப் பழக்குங்கள். ஷோத்கங்கா (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்), என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான மின்னிதழ், மின்னூல் சேவை), உங்கள் கேடலாக் இவற்றை இரண்டு மதியங்களில் காட்டிவிடலாம். கேட்கத் தெரிவதுதான் நாள் பிடிக்கும்.

வரலாற்று மாணவி ஒருத்தி வந்து, “அண்ணா, சோழர் பத்தி புக் வேணும்” என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாத வழிகாட்டி அலமாரியைக் காட்டிவிடுவார். பழகியவர், “எந்தப் பேப்பருக்கு? மேடம் என்ன தலைப்பு கொடுத்தாங்க? இதுவரை எங்க பார்த்தே?” என்று கேட்பார். அப்போதுதான் அவளுக்கு வேண்டியது சோழர் கால ஏரி வாரியம், அதாவது ஏரியைக் கவனித்துக்கொண்ட ஊர்க் குழு, என்று தெரியவரும். சரி, அப்படியானால் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் தொடங்கலாம். அந்த ஊர்ப் பெயரை உத்தரமேரூர் என்றும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இன்னும் இரண்டு மூன்று விதம். தஞ்சாவூரைப் பழைய ஆங்கில நூல்களில் டாஞ்சோர் (Tanjore) என்று தேடினால்தான் கிடைக்கும். எழுத்தை மாற்றி மாற்றித் தேடிப் பார் என்று சொல்லிக் கொடுப்பது அந்த மாணவிக்குக் கல்லூரி முடிந்த பிறகும் உதவும். வருபவர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருடைய உண்மையான தேவையாக இருக்காது என்பதை அமெரிக்க நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். வழிகாட்டிகளை இருவர் இருவராக உட்கார வைத்து, இப்படிப்பட்ட கேள்விகளை நடித்தே பழகச் சொல்லுங்கள்.

எழுதிக் கொடுத்துவிடுவார்களே என்ற கவலைக்கு ஒரே விதி போதும்: மவுசும் கீபோர்டும் வந்தவர் கையிலேயே இருக்க வேண்டும். வழிகாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம், தொடக் கூடாது. அப்புறம், என்-லிஸ்ட் பாஸ்வேர்டை யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். யார் என்ன கேட்டார் என்பதை வெளியில் பேசக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விடுதியில் ஒரு தடவை அது கேலியானால் அப்புறம் ஒருவரும் வரமாட்டார்கள்.

அரைகுறையாகச் சொல்லுவதைத் தடுக்க, எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் தேட எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று அளக்க அமெரிக்க நூலகங்களில் ‘ரீட்’ (READ) என்றொரு அளவுகோல் உண்டு. ‘ஜெராக்ஸ் எங்கே’ போன்ற கேள்விக்கு 1, மணிக்கணக்கில் தேட வேண்டியதற்கு 6. முதல் 3 படிகள் மாணவர்களுக்கு, 4-லிருந்து உங்களுக்கு என்று பிரித்துவிடுங்கள். ஆய்வுத் திருட்டுச் சோதனை, ஆய்வு முறையியல், பிஎச்டி விஷயங்கள் எதுவானாலும் நேராக உங்களிடம்தான் வர வேண்டும். “மேடம்கிட்ட போய்க் கேளு” என்று கை காட்டக் கூடாது, கூடவே எழுந்து வந்து விட வேண்டும். கை காட்டினால் பாதி வழியிலேயே வாசலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆள் எடுக்கும்போது ரேங்க் பட்டியலைப் பார்க்காதீர்கள். வகுப்பில் மற்றவர்கள் சந்தேகம் கேட்கப் போகும் முகம் யார் என்று விசாரியுங்கள். துறைக்கு ஒருவர், அதுவும் இரண்டாம் ஆண்டிலிருந்து. மூன்றாம் ஆண்டு மாணவருக்குப் பழகி முடிப்பதற்குள் டிசி கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டாம் ஆண்டுக்காரர் என்றால் அடுத்த அணியையும் அவரே பழக்கிவிடுவார்.

மதிய இடைவேளையும் கடைசி பீரியடும் போதும், நாள் முழுக்க வேண்டாம். மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். பெயர் எழுத வேண்டாம். கேள்வி, எத்தனையாவது படி, என்ன செய்தோம், இவ்வளவுதான். வாரம் ஒரு நாள் எல்லாரும் உட்கார்ந்து அதைப் படித்துப் பாருங்கள். தவறாகச் சொன்னது ஏதாவது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சான்றிதழோடு நிறுத்தாமல் மணிக்கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். படிக்கும்போதே சம்பாதிக்கும் திட்டம் உங்கள் கல்லூரியில் இருந்தால் அதில் சேர்த்துவிடலாம். மாலையில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகும் பிள்ளை, சம்பளம் இல்லாத மேசைக்கு எப்படி வரும்?