பிறந்த வீட்டைத் தேடி: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: என் மனைவி அமெரிக்கர். அவருடைய பாட்டியின் பாட்டி, 1850ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒஹாயோவில் கணவர் வீட்டில் இருக்கிறார். பிறந்த வீட்டுப் பெயர் கிடைக்கவில்லையே, அம்மா?

பதில்: அவர் மனைவிதான் என்று 1850 எங்கும் சொல்லவில்லை. அடிமைகள் அல்லாத எல்லோர் பெயரையும் எழுதத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதத் தொடங்கியது 1880இல். இரண்டாம் தாரமாக இருக்கலாம், தங்கையாகவும் இருக்கலாம். மூத்த பிள்ளையின் வயதோடு அவர் வயதை ஒப்பிடுங்கள்.

அடுத்து நிலப் பத்திரம். கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுதும் அனுபவிக்கும் உரிமை விதவைக்கு இருந்தது. ஆகவே அவன் நிலத்தை விற்றால் அவளும் கையெழுத்திட வேண்டும். பல மாநிலங்களில் அதிகாரி அவளைத் தனியே அழைத்துச் சம்மதம் கேட்டார். அவள் தகப்பன் உயில் எழுதாமல் இறந்திருந்தால் இன்னும் நல்லது: பங்கு பிரிக்கும்போது மகள்களும் மருமகன்களும் பெயரோடு வருவார்கள். கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றப் பதிவேடுகளில் அதைத் தேடுங்கள். சொத்தில் அவள் ஒப்புதல் தேவைப்பட்ட இடத்தில்தான் அவள் பெயரை எழுதினார்கள்.

கேள்வி: 1890 கணக்கெடுப்பு எங்கே கிடைக்கும்?

பதில்: கிடைக்காது. 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரும்பகுதி பாழாயிற்று. 1900க்குப் போங்கள். எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதில் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு குடும்ப மரம் 1600 வரை போகிறது. நம்பலாமா?

பதில்: ஆவணம் காட்டாத மரத்தை நம்பாதீர்கள். ஒருவர் செய்த பிழையை நூறு பேர் படியெடுத்திருப்பார்கள்.

கேள்வி: 1870களில் அயர்லாந்திலிருந்து வந்த பெண். எல்லிஸ் தீவு அதிகாரி பெயரை மாற்றிவிட்டாராம்.

பதில்: நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892இல். நியூயார்க்கில் இறங்கியிருந்தால் அதற்கு முந்தைய நிலையமான கேசில் கார்டனின் பதிவுகளில் தேடுங்கள். கேசில் கார்டன் 1855இல் தொடங்கியது.

மறுப்பு: குடும்பத்தில் தலைமுறையாகச் சொல்லும் கதையை இப்படித் தள்ளலாமா?

பதில்: கதையைத் தள்ளவில்லை. பெயர் மாறியது உண்மையாகவே இருக்கலாம். மாற்றியவர் தீவு அதிகாரி அல்ல. கப்பல் புறப்படும்போது எழுதிய பட்டியலை வைத்துத்தான் அதிகாரிகள் ஆட்களைச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறிகளே: வேலைக்காக, அக்கம்பக்கத்தார் வாய்க்கு எளிதாக இருப்பதற்காக.

இன்னொருவர்: என் மாமியார் வீட்டிலும் இதே கதைதான்!

பதில்: பல வீடுகளில் ஒரே கதை என்பது சான்றாகாது. ஆண்டைப் பாருங்கள் என்றுதான் மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: அடிமையாக இருந்த பெண்ணைத் தேட வழி உண்டா?

பதில்: உண்டு, தளராதீர்கள். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர்தான் இருக்கும். அவளுக்கு வயது, பால், நிறம் மட்டும். 1870இல்தான் பெயர் வருகிறது. விடுதலை பெற்றோருக்காக 1865இல் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவுகளில் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கள் பலவற்றில் உண்டு. கணவன் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தானா? அப்படியானால் தேசிய ஆவணக் காப்பகத்தில் விதவை ஓய்வூதியக் கோப்பைக் கேளுங்கள். அடிமைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லாததால் சான்றிதழ் கிடையாது. அவளோடு அதே பண்ணையில் வாழ்ந்தவர்கள் வந்து, எப்போது சேர்ந்து வாழத் தொடங்கினார்கள், எந்தக் குழந்தை எப்போது பிறந்தது என்று வாக்குமூலம் தந்தார்கள். நான் படித்த ஆவணங்களிலேயே மனத்தை அதிகம் உலுக்கியவை இவை. வேறெங்கும் பதியப்படாத ஒரு வாழ்க்கை அவர்கள் வாய்மொழியிலேயே கிடைக்கும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் வின்சுலோவின் பூர்வீகம்?

பதில்: 1796இல் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச்சில் பிறந்தவர், பிறந்த வீட்டுப் பெயர் லாத்ரொப். பள்ளி 1824இல் தொடங்கியது. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் அவருடைய மகள்வழிக் கொள்ளுப்பேரன். அவர் சேர்ந்திருந்த அமெரிக்க மிஷனின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன.

கேள்வி: எனக்கும் இணையத்தில் ஒரு மரம் கிடைத்தது...

பதில்: மூன்றாம் பதிலைப் படியுங்கள்.