கொசெக்கியில் எனக்கு இடம் உண்டா?

கே: என் மனைவி ஜப்பானியர். அவருடைய கொசெக்கியில் நானும் உறுப்பினர்தானே?

இல்லை. குடும்பப் பதிவேடான கொசெக்கி ஜப்பானியக் குடிமக்களுக்கு மட்டும்தான். அவர் யாரை, என்று மணந்தார் என்ற குறிப்பில்தான் உங்கள் பெயர் வரும். குடியிருப்புப் பதிவில் 2012 ஜூலையிலிருந்து வெளிநாட்டவரும் சேர்க்கப்படுகிறார்கள்.

கே: பிரசவத்துக்காக ஜப்பானிய மனைவியுடன் சென்னை வந்திருக்கிறேன். ஜப்பான் திரும்பிய பிறகு குழந்தையைப் பதிவு செய்தால் போதுமா?

தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஜப்பானில் பிறந்தால் 14 நாள், வெளிநாட்டில் பிறந்தால் 3 மாதம் கெடு. பிறந்த நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். அக்டோபர் 23 பிறந்த குழந்தைக்கு ஜனவரி 22 கடைசி நாள். நீங்கள் இந்தியர், குழந்தை பிறப்பதும் இந்தியாவில். எனவே பிறப்பிலேயே அதற்கு இந்தியக் குடியுரிமையும் வந்துவிடும். இப்படிப்பட்ட குழந்தைக்குப் பிறப்பை அறிவித்தால் மட்டும் போதாது. அதே படிவத்தில் ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைப்பதாக உள்ள இடத்தில் கையெழுத்தும் போட வேண்டும். கெடு தப்பினால், பிறந்த நாளிலிருந்தே அந்தக் குடியுரிமை இல்லை என்றாகிவிடும். பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் இதைத் தெரிந்துகொண்டு உடைந்துபோகும் பெற்றோரைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. 18 வயதுக்குள் ஜப்பானில் குடியிருந்தால் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் சென்னையிலேயே ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கும்போது அந்த அலைச்சல் எதற்கு?

கே: டோக்கியோவில் இருக்கிறோம். எனக்குத் தெரியாமல் ஜப்பானியக் கணவர் விவாகரத்துப் படிவம் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானதுதான். அங்கே இருவரும் சம்மதித்தால் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், நகராட்சி அலுவலகத்தில் படிவம், அவ்வளவுதான். ஒருவர் மட்டும் போய்க் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். கையெழுத்து போலி என்றால் வழக்குப் போட்டு அதைச் செல்லாததாக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும். நாளைக்கே அடையாள அட்டையோடு போய் 'ஃபுஜுரி மோஷிதே' கொடுத்துவிடுங்கள். நான் நேரில் வராமல் என் விவாகரத்தை ஏற்காதீர்கள் என்று சொல்லும் மனு அது. அப்புறம், நிரப்பாத படிவம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கே: பிரிந்த பிறகு குழந்தை யார் பொறுப்பு?

2026 ஏப்ரல் 1 முதல் பெற்றோர் இருவரும் சேர்ந்தே பொறுப்பேற்கச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை ஒருவருக்குத்தான். முன்பே பிரிந்தவர்களும் குடும்ப நீதிமன்றத்தில் மாற்றம் கேட்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பவைக்கும் ஹேக் உடன்படிக்கை ஜப்பானில் 2014 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளது; இந்தியா அதில் சேரவில்லை. டோக்கியோவிலிருந்து சென்னைக்குப் போன குழந்தைக்கும், சென்னையிலிருந்து டோக்கியோ போன குழந்தைக்கும் அந்த வழி கிடையாது.