ஊசி போட்டதும் ஓடிவிடுமா குதிரை?

கேள்வி: என் ஏழு வயதுக் குதிரைக்கு முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் கிழிந்து பத்து நாள் ஆகிறது. வீக்கம் வடிந்து, நொண்டலும் குறைந்துவிட்டது. ஒருவர் பிஆர்பி ஊசி போடச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்டெம் செல் என்கிறார். எதைப் போட்டால் சீக்கிரம் ஓட்டலாம்?

பதில்: அந்தச் 'சீக்கிரம்' இரண்டிலும் கிடையாது. எதைப் போட்டாலும் பெரிய கிழிசல் என்றால் பழையபடி ஓட ஒன்பது மாதமாவது, பெரும்பாலும் ஒரு வருஷம்கூட ஆகும். நொண்டல் குறைந்ததை வைத்து ஏமாறாதீர்கள், வலி சில வாரத்தில் போய்விடும், ஆனால் நாணை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு குழி அப்படியே இருக்கும். கிழிந்த நாண் ஆறும்போது பழைய இழை அப்படியே திரும்பி வருவதில்லை, விறைப்பான தழும்புதான் வரும், மறுபடி வேகமாக ஓடும்போது அதிலோ அதை ஒட்டியோ திரும்பக் கிழியும். அந்தத் தழும்பைக் கொஞ்சம் நல்லதாக ஆக்கத்தான் இந்த ஊசிகள்.

பிஆர்பி என்றால் குதிரையின் கழுத்திலிருந்தே ரத்தம் எடுத்து, சுழற்றி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து, ஸ்கேன் பார்த்தபடியே அந்தக் குழிக்குள் செலுத்துவது. அன்றைக்கே முடிந்துவிடும். ஸ்டெம் செல் என்றால் வேறு திசுவாக மாறக்கூடிய மூல செல், அதற்கு மார்பெலும்பின் மஜ்ஜையோ வால் அடியில் உள்ள கொழுப்போ எடுத்து ஆய்வகத்தில் வளர்க்க வேண்டும், இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். தழும்பு இறுகிப்போன பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை என்பதால் அதைத்தான் போடுவது என்றால் இப்போதே முடிவெடுங்கள். பிரிட்டனில் இப்படி மஜ்ஜை செல் போட்ட பந்தயக் குதிரைகளைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 27 சதவீதத்துக்குத்தான் மறுபடி காயம் வந்தது. வேறு சிகிச்சை பெற்றவற்றில் ஏறக்குறைய பாதிக்கு வந்ததாகப் பழைய கணக்குகள் சொல்கின்றன. ஆனால் இரண்டு கூட்டத்தையும் ஒரே நேரத்தில் அருகருகே வைத்துப் பார்த்த சோதனை அல்ல அது, அதனால் அந்த எண்ணை நான் பாதி நம்பிக்கையோடுதான் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால், கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஊசியைவிட ஒழுங்கான நடைப்பயிற்சிக்கும் இடையிடையே ஸ்கேனுக்கும் செலவழிப்பேன். முதலில் கையில் பிடித்து நாளுக்குப் பத்து நிமிஷ நடை, அப்புறம் வாரம் ஐந்து நிமிஷமாகக் கூட்டுவது, ஸ்கேன் சரி என்று சொன்ன பிறகுதான் துள்ளுநடை. குதிரை நன்றாக இருக்கிறதே என்று மைதானத்தில் அவிழ்த்துவிட்டால் எல்லாம் போச்சு. இன்னொன்று, பிஆர்பி போடுவதாக இருந்தால் இப்போது என்ன வலி மருந்து ஓடுகிறது என்று மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், தட்டணு வேலை செய்வதை அது கெடுக்கக்கூடும்.

கேள்வி: மூட்டு தேய்ந்த குதிரைக்கும் இதே ஊசிதானா? குருத்தெலும்பு திரும்ப வளருமா?

பதில்: வளராது. மூட்டுக்கு ஐராப் என்று ஒன்று உண்டு, கண்ணாடி மணிகள் உள்ள சிரிஞ்சில் ரத்தத்தை ஒரு நாள் வைத்தெடுத்த சீரம், அழற்சியை அடக்கும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் ஆர்ட்டி-செல் ஃபோர்ட்டே என்ற தயார்நிலை ஸ்டெம் செல் மருந்தையும் அனுமதித்தது, அதுவும் மிதமான மூட்டு அழற்சி நொண்டலுக்குத்தான். மூட்டுக்குள் எலும்புச் சில்லு ஏதாவது உடைந்து கிடந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும்.

கேள்வி: லாயத்திலேயே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மருத்துவர் வந்து, ரோமம் மழித்து, பலமுறை கழுவிப் போட்டால் சரி. ஊசி போட்ட மறுநாளோ அடுத்த வாரமோ குதிரை காலே ஊன்றாமல் நின்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே கூப்பிடுங்கள், கிருமி புகுந்த மூட்டு காத்திருக்காது.