தீபாவளிக்கு வீட்டுக்குப் போகலாமா? வாட்டில் காசநோயாளியைப் பராமரித்த மாணவிக்குப் பதில்

கேள்வி: நான் மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் பயிற்சி பெறும் இரண்டாம் வருடத் தாதி மாணவி. பொது மருத்துவ வாட்டில் எங்களிடம் இருந்த தோட்டத்து முதியவர் ஒருவருக்கு, அவர் வந்து ஒன்பது நாள் கழித்துச் சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாக முடிவு வந்தது. அதுவரை யாரும் முகக்கவசம் அணியவில்லை. சாப்பாடு ஊட்டினோம், நெபுலைசர் வைத்தோம். எனக்குப் பிறந்தவுடனேயே பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டிருக்கிறார்கள், அது போதாதா? என் தோழி பயந்துபோய் அடுத்த நாளே மாண்டு (Mantoux) என்ற காசநோய்த் தோல் பரிசோதனை செய்துகொண்டாள். 14 மில்லிமீற்றர் என்றார்கள். அவளுக்குக் காசநோயா? தீபாவளிக்கு வீடு போக வேண்டும். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) அப்பாயியும் அண்ணனின் எட்டு மாதக் குழந்தையும் இருக்கிறார்கள்.

பதில்: கடைசியாகக் கேட்டதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். இருமலோ காய்ச்சலோ இல்லையென்றால் வீட்டுக்குப் போங்கள். குழந்தையைத் தூக்குங்கள், அப்பாயியோடு ஒரே தட்டில் பலகாரம் சாப்பிடுங்கள். ஒருவேளை கிருமி உங்கள் நுரையீரலுக்குள் போயிருந்தாலும், நீங்கள் நோயாளி ஆகாதவரை உங்களிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. தொற்று வேறு, நோய் வேறு. உலக மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளானவர்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாளி ஆகிறார்கள். ஆனால் அந்த ஆபத்தில் ஏறத்தாழ பாதி, தொற்றிய முதல் இரண்டு வருடங்களுக்குள் இருக்கிறது. அதனால்தான் இப்போது பயப்படத் தேவையில்லை என்று சொல்லும் நான், பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொல்கிறேன்.

தட்டு, கோப்பை, துணிமணி வழியாகக் காசநோய் பரவுவதில்லை. நீங்கள் சாப்பாடு ஊட்டியதில் ஆபத்து கரண்டியில் இல்லை. அவர் இருமிய காற்றை அருகிலிருந்து சுவாசித்ததில்தான் இருக்கிறது. லயங்களில் இந்த நோயாளிகளுக்குத் தனி டம்ளர் ஒதுக்கி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. டம்ளரை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு அதே காம்பராவில் படுப்பதில் என்ன பயன்?

பிசிஜி பற்றி. இலங்கையில் குழந்தை வைத்தியசாலையை விட்டு வெளியேறும் முன்பே அது போடப்படுகிறது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடல் முழுவதும் பரவும் வகையையும் அது நன்றாகத் தடுக்கிறது. உங்கள் அண்ணனின் குழந்தைக்கு அது பெரிய காவல். இருபது வயதைத் தாண்டிய ஒருவரின் நுரையீரலுக்கு அது நம்பத்தகுந்த காவல் அல்ல. கையில் தழும்பு இருக்கிறது என்பதற்காக முகக்கவசத்தை மறந்துவிட வேண்டாம்.

இனி உங்கள் தோழி. மாண்டு பரிசோதனையில் தோலுக்குள் 0.1 மில்லிலீற்றர் டியூபர்குலின் (காசநோய்க் கிருமியின் புரதம்) செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளக்கிறார்கள். அளக்க வேண்டியது சிவந்த பரப்பை அல்ல, விரலால் தடவினால் தட்டுப்படும் கட்டியான மேட்டை மட்டும், முன்கையின் குறுக்காக. சிவப்பையும் சேர்த்து அளந்துவிட்டு மாணவிகளை அழவைப்பது நடக்கத்தான் செய்கிறது. சரியாக அளந்து 14 வந்திருந்தால், அதை நேர்முடிவாகவே (பாசிட்டிவ்) எடுத்துக்கொள்ளலாம். பிறந்தபோது போட்ட பிசிஜியின் தாக்கம் இந்த வயதில் பெரும்பாலும் மங்கியிருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிருமி உள்ளே போனபின் தோல் பரிசோதனை நேர்முடிவு காட்ட இரண்டு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அந்த முதியவர் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே உங்கள் தோழியின் 14 மில்லிமீற்றர் பெரும்பாலும் அவர் தந்தது அல்ல. முந்தைய வாட்டிலோ, பஸ்ஸிலோ, சிறுவயதில் பக்கத்து வீட்டிலோ எங்கோ வாங்கிய பழைய தொற்று. உங்கள் தோழி இப்போது மார்பு எக்ஸ்ரே எடுத்து, இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் எதுவும் இல்லை என்பதை வைத்தியரிடம் உறுதிசெய்ய வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் அவருக்கு இருப்பது நோய் அல்ல, மறைநிலைத் தொற்று. அதற்குத் தடுப்பு மருந்து உண்டு: தினமும் ஐசோனியசிட் ஆறு மாதம், அல்லது ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒருமுறையாக பன்னிரண்டு வாரம். கொடுப்பதா வேண்டாமா என்பதை மார்பு நோய் வைத்தியர் முடிவு செய்வார். ஈரல் நோய், மது, கர்ப்பம், வேறு மருந்துகள் பற்றி அவரிடம் மறைக்கக் கூடாது. ரிஃபாபென்டின் உள்ளிட்ட ரிஃபாம்பிசின் குடும்பத்து மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடும் விஷயம் இது. ஒருமுறை தெளிவான நேர்முடிவு வந்தவர் மாண்டு பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் பொருளில்லை.

உங்களுக்கு வழி வேறு. இப்போதே ஒரு மாண்டு செய்துகொள்ளுங்கள். இது உங்கள் ஆரம்ப அளவு. அது எதிர்முடிவாக (நெகட்டிவ்) இருந்தால், அந்த நோயாளியைக் கடைசியாகப் பராமரித்த நாளிலிருந்து எட்டு முதல் பத்து வாரம் கழித்து மீண்டும் ஒன்று. இரண்டாவது நேர்முடிவானால் தொற்று பெரும்பாலும் புதியது. தடுப்பு மருந்துக்கு மிக வலுவான காரணம் அதுதான். இடையில் பயிற்சிப் பாடசாலையில் எம்எம்ஆர் போன்ற உயிர்த் தடுப்பூசி (பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி கொண்டது) போட்டால், அதே நாளில் மாண்டு செய்யலாம்; இல்லையேல் நான்கு வாரம் தள்ள வேண்டும், முடிவு பொய்யாக வரக்கூடும். ஹெபடைடிஸ் பி ஊசிக்கு இந்தத் தடை இல்லை.

உண்மையில் இந்த ஆரம்ப அளவு நீங்கள் முதன்முதல் வாட்டுக்குள் காலடி வைக்கும் முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை செய்தால் இன்னும் நல்லது. பழைய தொற்று முதல் ஊசியில் உறங்கிக் கிடந்து இரண்டாவதில் விழித்துக்கொள்வதுண்டு. அது இல்லாததால்தான் தோழியின் விஷயத்தில் நான் "பெரும்பாலும்" என்று இழுக்க வேண்டியிருக்கிறது. மாணவர் பிரதிநிதிகள் வார்டனிடம் சண்டை போடுவதற்கு ஏற்ற விஷயம் இது.

ஆபத்து எவ்வளவு என்று கேட்பீர்கள். தென்னிந்தியாவில் தாதி மாணவியரைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டில் 100க்கு ஏறத்தாழ 8 பேருக்குப் புதிய தொற்று காணப்பட்டது. இந்தியாவோடு ஒப்பிட்டால் இலங்கையில் நோய் மிகக் குறைவு. அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் பயிற்சி மாணவர்களின் நிலை எங்கும் ஒன்றுதான்: நோயாளிக்கு மிக அருகில் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்கள், எது ஆபத்து என்று கடைசியாகத் தெரிந்துகொள்பவர்களும் அவர்கள்.

என் கருத்து இதுதான்: மார்பு நோய் வாட்டைப் பார்த்துப் பயப்படும் மாணவிகள் தவறான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். சரியான மருந்து தொடங்கிய நோயாளியின் தொற்றுத் திறன் மளமளவென்று குறைந்துவிடுகிறது. இரண்டு வாரம் என்பது பழைய கணக்கு. சில நாட்களிலேயே வெகுவாகக் குறைகிறது என்பது இன்றைய பார்வை. ஆபத்தானவர் இன்னும் பெயர் சூட்டப்படாத நோயாளி. ஆஸ்துமா என்றோ நிமோனியா என்றோ எழுதி, பொது வாட்டின் நடுக்கட்டிலில் படுத்திருப்பவர். 1950களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரைலி, வெல்ஸ் என்ற ஆய்வாளர்கள் காசநோய் வாட்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப் பன்றிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நோய் காற்றில் பரவுகிறது என்பது அதில் உறுதியானது. பெரும்பாலான தொற்றுகளை ஒரு சில நோயாளிகளே பரப்பினார்கள் என்பதும் தெரிந்தது.

ஆகவே பாதுகாப்புக்கு முதல் வழி, அந்த ஒரு சிலரைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. அதில் தமிழ் பேசும் மாணவிக்கு ஒரு தனிப் பங்கு இருக்கிறது. தோட்டத்து முதியவரிடம் "எத்தனை நாளாக இருமல்?" என்று கேட்டால் "கொஞ்ச நாளாக" என்பார். பனி, விறகுப் புகை, பீடி என்று காரணமும் தயாராக வைத்திருப்பார். ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குச் செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) பெயர் விழாது என்பதால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பார். கேள்வியை மாற்றுங்கள். "சித்திரை வருடப் பிறப்புக்கு இந்த இருமல் இருந்ததா? தோட்டத்துத் திருவிழாவில்?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்று தெரிந்தவுடன் பொறுப்புத் தாதியிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். சளி மாதிரி, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிக்குப் போனால், பரிசோதனை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒன்பது நாள் ஒரு நாளாகச் சுருங்கக்கூடும்.

இரண்டாவது, ஜன்னல். நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். நோயாளிகள் நடுங்குகிறார்கள், இரவுப் பணியில் இருக்கும் நாமும் நடுங்குகிறோம். எல்லா ஜன்னலும் சாத்தப்படுகிறது. ஒரு காலத்தில் காசநோயாளிகளை மலைக்காற்று வாங்க அனுப்பினார்கள். அந்தக் காற்றை வெளியே நிறுத்தி வைப்பதுதான் இன்றைய மலையக வாட்டின் வழக்கம். கணக்கைப் பாருங்கள்: அறையின் காற்று மணிக்கு இரண்டு முறை மட்டும் மாறினால், மிதக்கும் கிருமித் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 138 நிமிடம் ஆகும். பன்னிரண்டு முறை மாறினால் 23 நிமிடம். நோயாளிக்கு இன்னொரு கம்பளி கொடுத்துவிட்டு, எதிரெதிரே இருக்கும் இரண்டு ஜன்னல்களையாவது கொஞ்சம் திறந்து வையுங்கள். நீங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து நோயாளியைக் கடந்து காற்று வெளியேறும்படி நில்லுங்கள். சளி மாதிரி எடுப்பது எப்போதும் வெளியே, திறந்தவெளியில். கழிவறைக்குள் எடுக்கச் சொல்வது அடுத்து வருபவருக்குச் செய்யும் துரோகம்.

முகக்கவசம் மூன்றாவதுதான். அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் சாதாரண முகக்கவசம் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டியது. தென்னாபிரிக்காவில் செய்த சோதனை ஒன்றில், நோயாளிகள் அதை அணிந்தபோது பரவல் பாதிக்கு மேல் குறைந்தது. உங்களுக்குத் தேவை, நுண்துகள்களை வடிகட்டும் என்95 முகக்கவசம். அதிலும் இரண்டு பட்டிகளையும் மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரங்களில் காற்று கசிகிறதா என்று பார்த்தபின்தான் அதற்குப் பெயர் என்95. சளி உறிஞ்சும்போதும், சுவாசக் குழாய் செருகும்போதும், இருமலைத் தூண்டும் எந்த வேலையிலும் அது கட்டாயம்.

வீட்டிலிருந்து திரும்பிய பிறகு, அடுத்த இரண்டு வருடங்களில் எப்போதாவது இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் விடுதித் தோழிகள் தரும் மாத்திரையை விழுங்காதீர்கள். லெவோஃப்ளொக்சசின், சிப்ரோஃப்ளொக்சசின் போன்றவை காசநோயைப் பாதி அடக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும். நீரிழிவு இருந்தாலோ, ஸ்டீரொய்ட் எடுத்தாலோ, சாப்பாட்டைத் தவிர்த்து எடை இறங்கிக்கொண்டே போனாலோ இன்னும் கவனம் தேவை. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசாங்கத்தின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோயே வந்தாலும், சாதாரண வகைக்கு ஆறு மாத மருந்தில் குணமாகும். பயிற்சியைக் கைவிடத் தேவையில்லை.

கிளம்பும் முன் ஒரு வேலை. இந்த நோயாளியோடு தொடர்பில் இருந்தீர்கள் என்பதை வைத்தியசாலையின் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியிடம் திகதியோடு எழுத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் குழுவில் உள்ள எல்லோருடைய பெயரும் அதில் வரட்டும். இரண்டாவது மாண்டுவுக்கான நாள் வருவதற்குள் நீங்கள் வேறு வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அதனால் முதல் முடிவை "நெகட்டிவ்" என்று மட்டும் வாங்கி வராமல், எத்தனை மில்லிமீற்றர் என்ற எண்ணோடு கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். பூச்சியம் என்றாலும் பூச்சியம் என்று எழுதச் சொல்லுங்கள்.