துறையில் நிற்கும் அப்பா

அன்புள்ள அண்ணா,

ஆரையம்பதியில் இருந்து எழுதுகிறேன். பிறந்தது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. போன கிழமை எங்கள் வீட்டுக் கூரையைக் கழற்றி ஓடு மாற்றினோம். அதற்கு முதல் நாள் இரவு மகனுக்குக் காய்ச்சல். நான் கண் மூடவேயில்லை. விடிந்ததும் வேலையாட்கள் வந்துவிட்டார்கள். சாமான்களைப் படுக்கை விரிப்புகளில் மூட்டை கட்டி மாமரத்தடியில் போட்டுவிட்டு, குசினி ஓரமாகப் பாயை விரித்துச் சரிந்தேன். உடனே கனவு. மண்முனைத்துறையில் மிதவைப் பாதை புறப்பட்டுவிட்டது. அம்மாவும் நானும் அதில் நிற்கிறோம். அப்பா கரையில் நிற்கிறார். கூப்பிடுகிறேன், சத்தம் வரவில்லை. வாவி அகன்றுகொண்டே போகிறது. “அக்கா, கூரைச் சிலாகை போதாது” என்று மேசன் எழுப்பினார். திரும்பப் படுத்தால் அதே கனவு, விட்ட இடத்திலிருந்து. தேத்தண்ணீர் வைக்க எழுந்தேன், மகன் அழுது எழுந்தேன், அன்று பகல் முழுவதும் இப்படித்தான். சிறுவயதிலிருந்தே வரும் கனவுதான். ஆனால் இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. அப்பா உடுத்திருந்த சாரத்தின் கட்டம்கூடத் தெரிந்தது.

2007 போர் இடப்பெயர்வின்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவும் நானும் தோணியில் வாவியைக் கடந்தோம். மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று நின்ற அப்பா மூன்றாம் நாள் வந்துசேர்ந்தார். இப்போதும் நன்றாக இருக்கிறார். வரும் மாதம் அவருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை, திகதியும் கிடைத்துவிட்டது. கனவைக் கேட்டதிலிருந்து அம்மா திகதியைத் தள்ளிப்போடச் சொல்கிறார். கூரை திறந்து கிடந்த நேரத்தில் கண்ட கனவு கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. நான் என்ன செய்ய?

ச., ஆரையம்பதி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் திகதி. அதை மாற்றாதீர்கள். கண்ணில் புரை வளர வளரப் படி தெரியாது, வரம்பு தெரியாது, எதிரே வரும் மோட்டார் சைக்கிள் தெரியாது. மாட்டோடும் வயலோடும் வாழ்கிற மனிதருக்குத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

இனிக் கனவுக்கு வருகிறேன். அன்று அது ஏன் விடாமல் வந்தது என்பதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: முந்திய இரவு நீங்கள் தூங்கவில்லை. 1953 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர் கிளைட்மனும், தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டங்கள் உண்டு என்று எழுதினார்கள். அந்தக் கட்டங்களில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் தெளிவான கனவைச் சொன்னார்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டம் வரும். முன்னிரவில் சிறிது நேரம், விடியப் போகும்போது நீண்ட நேரம். அதை இழந்தால் பிறகு வரும் தூக்கத்தில் உடல் அதை ஈடுசெய்யப் பார்க்கும். காலையில் போடும் குட்டித் தூக்கத்திலும் அதன் பங்கு அதிகம். நீங்கள் சரிந்தவுடன் கனவு வந்தது அதனால் இருக்கலாம்.

மற்றது, மேசனும் மகனும் உங்களைக் கனவின் நடுவிலேயே எழுப்பினார்கள். தடையில்லாமல் தூங்கி எழுபவருக்குக் கனவுகளில் பெரும்பகுதி மறந்துபோகும். நடுவில் எழுப்பப்பட்டவருக்கு அது அப்படியே நிற்கும், சாரத்தின் கட்டம் உட்பட. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். விடியற்காலையில்தான் நீளமான கனவுகள் வருகின்றன, அவைதான் எழுந்தபின்னும் நினைவில் இருக்கின்றன. நினைவில் நிற்பதற்குத்தானே பலன் தேட முடியும்?

அம்மாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். உங்கள் கனவில் நீங்கள் நிற்பது பாதையில். (வெளியூர் வாசகர்களுக்கு: ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போனவர்களுக்கு நன்றாகத் தெரியும்.) மண்முனையில் 2014 இல் பாலம் திறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் துறையில் பாதைக்கு வேலையில்லை. நாளை அப்பா வாவியைக் கடந்து வரப்போவதும் பாலத்தால்தான். வரப்போவதைச் சொல்ல வந்த கனவு, இல்லாமல் போன ஒன்றையா காட்டும்? அது பார்ப்பது பின்பக்கம்.

பின்பக்கம் என்றால் எது? நம் கரையோரத்தில் கனவில் தண்ணீர் வந்தால் உடனே 2004 டிசம்பர் 26 சுனாமி என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த நாளை நானும் மறந்தவனில்லை. ஆனாலும் எல்லாத் தண்ணீரும் அந்தத் தண்ணீர் இல்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சாமான்களைப் படுக்கை விரிப்புகளில் மூட்டை கட்டி மாமரத்தடியில் போட்டதாக. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் கிழக்கே எழுவான்கரைக்கு வந்தபோது தலையிலும் சைக்கிளிலும் இருந்தவை அந்த மூட்டைகள்தான்: நான்கு முனையையும் சேர்த்து இறுக்கிய முடிச்சு, பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும் சட்டியின் விளிம்பு. பகலில் கண்ணில் பட்டது இரவுக் கனவில் புகுவது எல்லோருக்கும் நடப்பது. நீங்களோ, உங்கள் கையாலேயே அந்த முடிச்சுகளைப் போட்டுவிட்டு, கூரையில்லாத வீட்டில், காய்ச்சல் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். வேறு எந்தக் கனவு வரும் என்று எதிர்பார்த்தீர்கள்?

எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அப்பா மூன்றாம் நாள் வந்துசேர்ந்தார். அது நடந்த கதை. உங்கள் கனவு மட்டும் ஒவ்வொரு முறையும் முதல் நாளிலேயே அறுந்துவிடுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த மூன்று நாள் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்! மீண்டும் மீண்டும் வரும் கெட்ட கனவுகளுக்கு மனக்காட்சி ஒத்திகை என்ற ஒரு முறை இருக்கிறது. கனவை எழுதி, முடிவை விரும்பியபடி மாற்றி, விழித்திருக்கும்போது தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கவேண்டும். 2001 இல் பாரி கிராகோவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்குள்ளான பெண்களுக்கு இது கெட்ட கனவுகளைக் குறைத்தது. மற்றவர்கள் முடிவைக் கற்பனை செய்யவேண்டும். உங்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. நடந்ததையே எழுதுங்கள்: அவர் எந்தப் பக்கத்தால் வந்தார், யார் முதலில் கண்டது, நீங்கள் ஓடினீர்களா. பகலில் அதை ஓட்டிப் பாருங்கள். இதற்குப் பிறகும் கனவுக்குப் பயந்து தூங்காமல் கிடந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்த மூன்று நாட்கள் அப்பா எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார், எப்படிக் கடந்து வந்தார், மாடுகள் என்னவாயின என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வீட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வந்துவிட்டாரே, அதுவே போதும் என்று விட்டிருப்பீர்கள். கனவை அம்மாவிடம் சொன்னீர்கள், மாமியிடம் சொன்னீர்கள், முன்பின் பார்க்காத எனக்கும் எழுதிவிட்டீர்கள். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. சத்திரசிகிச்சைக்கு அவரோடு நீங்களே போங்கள். வைத்தியசாலை வாங்கில் காத்திருக்க நிறைய நேரம் கிடைக்கும். அங்கே கேளுங்கள்.

அன்புடன்.